சாலைச் சத்தத்தோடு மைக் சத்தம் சேர்ந்தால்: மாதவரம் நெடுஞ்சாலை வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர். அங்கே ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடம், அதைச் சுற்றி வீடுகள். 1996 மே 15 அன்று அந்த வீடுகளில் இருப்பவர்களின் சங்கமான கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு புகார் கொடுத்தது. ஒலிபெருக்கி வைத்து ஜெபம் நடக்கிறது, டிரம் முதலான கருவிகள் வாசிக்கப்படுகின்றன, அன்றாட வாழ்க்கையே தொந்தரவாகிவிட்டது என்பதுதான் புகாரின் சாரம். இதற்கு முடிவான பதில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. இடையில் நான்கு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வழக்கின் பெயர் நீளமானது: சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) இன் இந்தியா எதிர் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம். மத சுதந்திரத்தின் எல்லை பற்றிப் பேசும்போதெல்லாம் இதை மேற்கோள் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் ஒரு தெருவில் குடியிருப்பவர் இதைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். சத்தம் பற்றிப் புகார் கொடுக்கப் போகிற யாருக்கும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "இந்த ஏரியாவே சத்தமான ஏரியா, ரோட்டுச் சத்தம்தான் அதிகம், இவர்களை மட்டும் எப்படிச் சொல்வது?" மாதவரம் வழக்கில் அந்தப் பதில் அரசு அறிக்கையாகவே வந்தது. அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பேசித் தீர்த்தார்கள். இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது அந்த ஒரு இழையைத்தான்.

புகார் நகர்ந்த வழி

வாரியம் புகாரைக் கிடப்பில் போடவில்லை. எட்டாவது நாள், மே 23 அன்று, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் (கிழக்கு) போலீஸ் சூப்பிரண்டுக்கு ஒரு கடிதம் போனது. அவர் அதை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பி நடவடிக்கை எடுக்கச் சொன்னார். சங்கமும் தன் பங்குக்கு போலீசில் புகார் கொடுத்திருந்தது. இதுவரை எல்லாம் முறையாகத்தான் போனது.

ஜூன் 12 அன்று வாரியத்திலிருந்து சூப்பிரண்டுக்கு இன்னொரு கடிதம் வந்தது. ஜெபக்கூடத்தின் சுற்றுவட்டாரத்தில் ஒலி அளவு எடுத்து, அந்த ஆய்வறிக்கையை அதோடு இணைத்திருந்தார்கள். அந்த இடத்தின் ஒலி மாசு மாதவரம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளால் வருகிறது என்று அறிக்கை சொன்னது.

அதோடு வேகம் நின்றது. சங்கத்தினர் பல அதிகாரிகளிடம் மனு கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1998இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், குற்றவியல் மூல மனு எண் 61. முதல் நான்கு வாரத்தில் மூன்று கடிதங்கள் நடந்த விஷயம், ஒரு அளவீட்டு அறிக்கை வந்ததும் நீதிமன்றப் படியேற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நெடுஞ்சாலைச் சத்தம் இருக்கத்தான் செய்யும். சங்கம் கேட்ட கேள்விக்கு அது பதிலாகவில்லை என்பதுதான் சிக்கல்.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோதே இரைச்சலும் மாசுப் பொருளில் அடங்கும் என்று சேர்த்துவிட்டார்கள். 1989 டிசம்பரில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவும் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்திலும் 1889ஆம் ஆண்டின் ஊர்த் தொல்லைகள் சட்டத்திலும் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்த இடம் இருந்தது. அந்தப் பிரிவுகளை வைத்துத்தான் 1995இல் அப்பாராவ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒலிபெருக்கி உரிமத்துக்குக் கடுமையான நிபந்தனை விதிக்கும்படி அரசுக்கும், கூம்பு வடிவ ஒலிபெருக்கியையும் வண்டிகளின் ஏர் ஹாரனையும் முழுமையாகத் தடை செய்யும்படி காவல்துறைத் தலைமைக்கும் உத்தரவு போட்டிருந்தது. ஆக, கே.கே.ஆர். நகர் மக்கள் கேட்டது புதிய உரிமை எதையும் அல்ல.

கருவி காட்டும் எண்

இந்த வழக்கின் மையமே ஒரு அளவீடு என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒலிமானியைத் தெருவில் வைத்தால் அது ஒரே எண்ணைத்தான் காட்டும். பஸ், லாரி, ஹாரன், மைக், பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் கலந்த எண் அது. எது யாருடையது என்று கருவிக்குத் தெரியாது. அதோடு, டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் கூடுவதில்லை. சாலை 68, மைக் தனியாக 68 என்றால் இரண்டும் சேர்ந்து 136 ஆகாது, 71 ஆகும். காகிதத்தில் மூன்றே மூன்று கூடியிருக்கிறது. ஆனால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. "68 இருந்தது, 71 ஆகியிருக்கிறது, பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை" என்று அறிக்கை எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிடுவார். உள்ளே ஜன்னலோரம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்றின் அருமை தெரியும்.

சத்தம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது, அது கடினமும் இல்லை. மைக் ஓடும்போது ஒரு அளவு, நிறுத்தியதும் அதே இடத்தில், அதே உயரத்தில் இன்னொரு அளவு எடுக்க வேண்டும். ஓடும்போது 72, நிறுத்தியதும் 66 என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் கணக்கில் கழித்தால் மைக் மட்டும் ஏறத்தாழ 71 என்று வரும். அதாவது அந்த இடத்தில் சாலையை விட மைக்தான் பெரிய சத்தம். வித்தியாசம் சரியாக மூன்று என்றால் இரண்டும் சமம். அதற்கும் கீழே இருந்தால் சாலைதான் மேலோங்கி நிற்கிறது. இப்படி இரண்டு அளவும் எடுக்காமல் "வாகனங்களால்" என்று ஒரு வரியில் முடிக்கும் அறிக்கை எந்தப் பக்கத்துக்கும் நியாயம் செய்யாது. சத்தமே போடாத ஒருவர் மேல் பழி வந்தாலும் அவரைக் காப்பாற்றப் போவது இந்த இரட்டை அளவுதான்.

டிரம் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நம் விதிகள் டெசிபலை 'ஏ' அளவுகோலில் கேட்கின்றன. மனிதக் காது தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைவாகக் கேட்கும் என்பதால் அந்த அளவுகோல் அவற்றைத் தள்ளுபடி செய்து கணக்கிடும். நொடிக்கு 125 அதிர்வில், அதாவது 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிந்துவிடும். பேஸ் டிரம், சப் ஊஃபர் எல்லாம் இந்தத் தாழ்ந்த இடத்தில்தான் அதிரும். சுவரைக் கடந்து வீட்டுக்குள் வருவதும் அந்த அதிர்வுதான். ஜன்னலைச் சாத்தினால் பாட்டின் வரி கேட்காமல் போகும், 'தும் தும்' என்பது மட்டும் நிற்காது. ஆகவே கருவி காட்டும் எண் சுமாராக இருந்தும் வீட்டில் இருப்பவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடியதே. கே.கே.ஆர். நகர் ஜெபக்கூடத்தில் டிரம் செட்டும் கிட்டாரும் இருந்ததைத் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

உயர் நீதிமன்றத்தில் இரு தரப்பும்

ஜெபக்கூடத்தை நடத்திய சபையின் தரப்பு வாதங்களை ஒதுக்கித் தள்ள முடியாது. இது சிறுபான்மை மத நிறுவனம், எங்கள் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கத்தோடு போட்ட மனு இது என்றார்கள். வழிபடும் முறையில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றார்கள். சத்தம் ஒலிபெருக்கியால் அல்ல, வண்டிகளால் என்றும் வாரியத்தின் அறிக்கையைக் காட்டிச் சொன்னார்கள். ஊரில் பலரும் பல கருவிகளை வைத்துச் சத்தம் எழுப்பும்போது ஒரு சபையின் வாசலில் மட்டும் ஒலிமானி வந்து நின்றால் அவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. சத்தப் புகார்களில் இது அடிக்கடி வரும் இடம்: யார் எழுப்பும் சத்தம் நமக்குத் தொந்தரவாகத் தெரிகிறது, யாருடையது பழகிப்போகிறது என்பதில் நம் விருப்பு வெறுப்பு கலந்துவிடுகிறது. அதனால்தான் எண்ணும் விதியும் வேண்டியிருக்கிறது.

உயர் நீதிமன்றம் அறிக்கையை ஏற்றது. சத்தத்துக்குச் சபை மட்டுமே காரணம் அல்ல, வண்டிகளும் காரணம் என்று பதிவு செய்தது. சங்கத்தின் மனுவில் மதத்தைத் தடுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்றும் பார்த்தது. அப்புறம் அது எடுத்த முடிவு எனக்குப் பிடித்தமானது. இரண்டு காரணம் இருக்கிறதா, சரி, இரண்டையும் குறையுங்கள் என்றது. அதிகச் சத்தம் எழுப்பும் வண்டிகள் மேல் நடவடிக்கை எடுங்கள், சபையின் ஒலிபெருக்கியின் அளவையும் குறைக்க வையுங்கள் என்று போலீஸ் சூப்பிரண்டுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உத்தரவு போனது. அப்பாராவ் வழக்கின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றவும் சொன்னது. ஜெபம் செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. மைக்கே கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. சத்தத்தைக் குறை என்பதோடு நிறுத்திக்கொண்டது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

சபை மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புக்கன் அமர்வு விசாரித்தது. இந்த இடைவெளியில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருந்தது. 2000 பிப்ரவரி 14 அன்று ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல், கட்டுப்படுத்துதல்) விதிகள் வெளியாகியிருந்தன. புகார் கொடுத்தபோது இல்லாத விதிகள், தீர்ப்பு வரும்போது கையில் இருந்தன.

பல மதங்களும் பல பிரிவுகளும் இருக்கும் நாட்டில், மதத்தின் பெயரைச் சொல்லி ஒலி மாசைக் கூட்டும் உரிமையை ஒரு பிரிவு கேட்க முடியுமா என்று நீதிமன்றம் கேள்வியை வைத்துக்கொண்டது. பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வழியாகவோ டிரம் அடித்தோதான் ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை என்றது. இந்த வரிதான் பிரபலமானது.

என் பார்வையில் அதைவிடக் கனமான வரி வேறொன்று. நகரமயமானதாலோ தொழிற்சாலைகளாலோ ஒரு பகுதியில் சத்தம் ஏற்கெனவே அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கலாம், ஆனால் அதைக் காரணம் காட்டி இன்னொருவர் டிரம் அடித்தும் ஒலிபெருக்கி வைத்தும் அதை மேலும் கூட்ட அனுமதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஜூன் 12ஆம் தேதி அறிக்கை நான்கு வருடம் முன்பு எழுப்பிய தடுப்புச்சுவர் இங்கேதான் விழுந்தது. சாலை சத்தம் போடுகிறது என்பது சாலை மேல் நடவடிக்கை எடுக்கக் காரணம். அதை வைத்து மைக்குக்கு விலக்குக் கேட்க முடியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதை எழுப்பியவர் தனித்தனியாகப் பொறுப்பு.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது, தீர்ப்பு யாரையெல்லாம் நினைத்துப் பேசுகிறது என்பது. முதியவர்கள், உடல் நலிந்தவர்கள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள், அதிகாலையிலோ பகலிலோ தூங்கும் குழந்தைகள், மனநலப் பாதிப்பு உள்ளவர்கள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் அமைதியான சூழலில் தூங்கும் இயற்கையான உரிமை இருக்கிறது என்கிறது. பகல் என்ற வார்த்தை அங்கே இருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் மைக் போடக்கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விதி. அதைத் திருப்பிப் போட்டு, 10 மணிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று புரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். இரவு டியூட்டி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுக்கும் நர்சுக்கும் செக்யூரிட்டிக்கும் விதியில் இடமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடம் இருக்கிறது. பகலுக்கும் 55 என்ற கோடு 1989 முதல் இருக்கிறது.

மேல்முறையீடு தள்ளுபடியானது. போகிற போக்கில் நீதிமன்றம் ஒரு வருத்தத்தையும் பதிவு செய்தது: விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன, ஆனால் மக்களுக்கும் தெரியவில்லை, நடைமுறைப்படுத்த வேண்டிய அதிகாரிகளுக்கும் தெரியவில்லை. கால் நூற்றாண்டு கழித்தும் இந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டிய தேவை பெரிதாக வரவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வேதனை.

அதே புகார் இன்று கொடுக்கப்பட்டால்

2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டி, நீதிபதி அசோக் பான் அமர்வு ஒலி மாசு பற்றி ஒரு விரிவான தீர்ப்பை வழங்கியது. அதற்கு வித்திட்ட சம்பவம் மிகக் கொடியது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது போட்ட கூக்குரல், பக்கத்தில் ஓடிய ஒலிபெருக்கிப் பாட்டில் யார் காதிலும் விழவில்லை. அந்தச் சிறுமி பிறகு தீக்குளித்து இறந்துபோனாள். பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காகக் கேட்க விரும்பாதவர் காதில் ஒலியைத் திணிக்கும் உரிமை யாருக்கும் இல்லை, அமைதியாக வாழ்வது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். அது விதித்த எல்லை அளவுகள் 2010இல் விதிகளுக்குள்ளேயே வந்துவிட்டன.

இந்த அளவுகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கே.கே.ஆர். நகர் போன்ற இடத்தில் இன்று என்ன நடக்கும் என்று தெரியும். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதியின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது, அல்லது 75ஐத் தாண்டக்கூடாது, எது குறைவோ அது. மைக் செட்காரர்கள் இதில் 75ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55, அதோடு 10 சேர்த்தால் 65. அவ்வளவுதான், 75 அங்கே எட்டவே எட்டாது. வணிகப் பகுதியில்தான் 65 கூட்டல் 10 என்று 75 வரும். தனியார் இடத்தில் ஒலி அமைப்பு வைத்திருந்தால் இன்னும் இறுக்கம்: எல்லையில் 5 டெசிபல்தான் கூடலாம். அதாவது குடியிருப்பில் பகலில் 60, இரவில் 50. ஒரு ஜெபக்கூடம், கல்யாண மண்டபம், மொட்டைமாடிப் பிறந்தநாள் விழா எல்லாவற்றையும் இந்த எண்களை வைத்தே கேட்கலாம்.

ஒரு பகுதி குடியிருப்பா வணிகமா என்பதை மாநில அரசு வகைப்படுத்த வேண்டும். நெடுஞ்சாலையோர நகர்களில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். சாலையைப் பார்த்த வரிசையில் கடைகள், அதற்குப் பின்னால் வீடுகள். வணிகம் என்று எழுதிவிட்டால் ஒரே கையெழுத்தில் 10 டெசிபல் கூடிவிடும். புகார் எழுதும்போதே, அளவு எடுக்கும் இடம் எந்த வகையில் வருகிறது என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், பகலோ இரவோ. இரவு 10 முதல் காலை 6 வரை, அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள்ளே தவிரவும், பொது அவசரத்துக்குத் தவிரவும் வைக்கவே கூடாது. கலாசார, மத விழாக்களுக்கு மாநில அரசு வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை நீட்டித் தரலாம். இந்த விலக்கு செல்லும் என்று 2005 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அந்த அதிகாரத்தை மாநில அரசு கீழே யாருக்கும் மாற்றித் தர முடியாது என்றும் சொன்னது. ஆக, ஆடி மாதத் திருவிழாவுக்கு நள்ளிரவு வரை போட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளூர் ஸ்டேஷனிலேயே வாய்மொழியாகத் தரப்படும் சலுகைக்கு விதியில் இடமில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதும், சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை ஓட்டுவதும், வெடி வெடிப்பதும் 2010 முதல் தடை.

புகார் யாரிடம் போக வேண்டும்? கலெக்டர், போலீஸ் கமிஷனர், அல்லது நியமிக்கப்பட்ட டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. மாதவரம் சங்கம் வாரியத்தில் ஆரம்பித்து, வாரியத்திலிருந்து சூப்பிரண்டு, அவரிடமிருந்து இன்ஸ்பெக்டர் என்று சுற்றியது. இன்று நேராகவே போகலாம். தண்டனையைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை இருந்தது. 2023இல் வந்த திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. பொதுத் தொல்லை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆவது பிரிவில் போனால் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். ஒரு நாள் மைக் செட் வாடகைக்கு முன்னால் இரண்டாவது தொகை யாரையும் நிறுத்தாது. அதனால் புகாரில் ஒலி மாசு விதிகளைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

இன்னும் திறந்தே கிடக்கும் இடம்

இவ்வளவு இருந்தும் பகல் சத்தத்துக்கு விதிகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏழாவது விதிப்படி, அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால்தான் புகார் கொடுக்கலாம். குடியிருப்பில் பகலில் 65ஐத் தொட வேண்டும். 2010 திருத்தத்தில் இரவுக் கட்டுப்பாடுகளை மீறினாலே போதும், 10 டெசிபல் நிரூபிக்க வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். பகலுக்கு அந்தச் சலுகை வரவில்லை.

இதோடு சராசரிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. விதியில் சொல்லும் 55 என்பது ஒரு குறிப்பிட்ட கால அளவின் ஆற்றல் சராசரி. அந்தக் காலம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாள் முழுக்க 50 டெசிபலில் இருக்கும் அமைதியான தெருவில் ஒரு மணி நேரம் மட்டும் 75இல் மைக் ஓடியது என்று வையுங்கள். காலை 6 முதல் இரவு 10 வரையான 16 மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 63 வரும். 55ஐத் தாண்டிவிட்டது, ஆனால் 65ஐத் தொடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எதிரில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தது, போனில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, குழந்தை அலறி எழுந்தது. கணக்கில் மட்டும் புகாருக்கு இடமில்லை. அதே ஒரு மணி நேரத்தை மட்டும் அளந்தால் 75, கேள்வியே இல்லை. ஜூன் 1996 அறிக்கையில் நடந்ததுபோல, எந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கருவியை எடுத்துப் போகிறோம் என்பதே இங்கேயும் பதிலை முடிவு செய்துவிடுகிறது.

அதனால் இன்றைக்கு ஒரு நலச் சங்கம் புகார் எழுதினால், "எங்கள் பகுதியில் ஒலி அளவை ஆய்வு செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் சாலைதான் பதிலாக வரும். ஒலிபெருக்கி ஓடும் நாள், நேரத்தைச் சொல்லி, அது ஓடும்போதும் நின்றபிறகும், அந்த இடத்தின் எல்லைச் சுவரிலும் புகார்தாரரின் ஜன்னலிலும் தனித்தனியே அளக்கக் கேட்க வேண்டும். எத்தனை நிமிட சராசரி என்பதை அறிக்கையில் எழுதக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி அனுமதியின் நகலையும், அதில் அளவுக் கட்டுப்பாடு என்ன போட்டிருக்கிறது என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். டெசிபல் எண் எதுவும் போடாத அனுமதியாக இருந்தால் அதுவே ஒரு வாதம்.

விதியைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒலிபெருக்கி விஷயத்தில் ஏழாவது விதியின் 10 டெசிபல் வாசலைப் பகலுக்கும் எடுத்துவிடுங்கள், எல்லைச் சுவரில் 60 அல்லது 65ஐத் தாண்டினாலே புகார் செல்லும் என்று ஆக்குங்கள். சராசரி எடுக்கும் காலத்தை, ஒலி ஓடும் நேரத்துக்குள்ளேயே 15 நிமிடம் என்பதுபோல எழுத்தில் கட்டிவிடுங்கள்.